கல்லூரி முதலாண்டு: கணினியும் இணையமும் படிப்புக்குப் பழக எங்கிருந்து தொடங்குவது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியிலோ சேர்ந்திருக்கிறீர்கள். கையில் கைபேசி இருக்கிறது, வீட்டில் கணினி இல்லை. ரீல்ஸ் பார்க்கவும் பணம் அனுப்பவும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முதல் மாதத்திலேயே “அசைன்மென்டை பிடிஎஃப் ஆக்கி மெயில்ல அனுப்புங்க”, “ஏபிசி ஐடி எங்கே?”, “ஸ்வயம்ல ஒரு கோர்ஸ் சேருங்க” என்று வரிசையாக வர ஆரம்பிக்கும்.

இதைச் செய்யத் தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, கைபேசியை நண்பனிடம் கொடுத்துச் செய்துகொள்ளும் மாணவர்கள் நிறையப் பேர். வேலை முடிந்துவிடும். ஆனால் மூன்று ஆண்டு கழித்தும் அந்த வேலை அவர்களுக்குப் பழகியிருக்காது. இதில் அவர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. பள்ளியில் கற்றுத்தரவில்லை, கல்லூரியோ ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. கீழே சொல்பவற்றை இந்த வரிசையிலேயே, எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும், உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

மின்னஞ்சல் யார் கையில் இருக்கிறது?

கல்லூரி விண்ணப்பத்தை ப்ரௌசிங் சென்டரிலோ இ-சேவை மையத்திலோ போட்டவர்கள் பலர். அங்கே மின்னஞ்சல் முகவரி கேட்டபோது உங்களிடம் இல்லையென்றால், கடையில் இருந்தவரே ஒன்றை உருவாக்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். சில இடங்களில் கடையின் சொந்த முகவரியையே போட்டிருப்பார்கள். அவசரத்தில் நடப்பதுதான். ஆனால் உதவித்தொகை, தேர்வு, வேலை என்று அடுத்த பல ஆண்டுகளுக்கு எல்லாத் தகவலும் அந்த முகவரிக்குத்தான் போகும்.

அதனால் முதல் வேலை இதுதான். விண்ணப்பத்தின் நகலை எடுத்து, எந்த முகவரி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்குள் உங்களால் நுழைய முடிந்தால் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். முடியாவிட்டால் உங்கள் பெயரில் புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி, கல்லூரி அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். முகவரி உங்கள் பெயரும் ஓர் எண்ணுமாக எளிமையாக இருக்கட்டும். நடிகர் பெயரையோ பட்டப்பெயரையோ வைத்தால் பிற்பாடு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சங்கடம்.

கணக்கை மீட்பதற்கான கைபேசி எண் என்று ஒன்று கேட்பார்கள். உங்களுடைய எண்ணையோ வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரின் எண்ணையோ கொடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் சில மாதங்களில் முடங்கி, அந்த எண் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதோடு உங்கள் கணக்கின் சாவியும் போய்விடும். எண்ணை மாற்றினால் அன்றே மின்னஞ்சலிலும் மாற்றுங்கள். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் உறுதிப்படுத்தலையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் அமைப்புகளுக்குள் போய் இயக்கிவிடுங்கள்.

அப்புறம், கடிதம் எழுதுவது. வாட்ஸ்அப்பில் எழுதுவதைப் போல வெற்று மடலில் கோப்பை மட்டும் இணைத்து அனுப்பினால், நூறு மாணவர்களின் மடல்களுக்கு நடுவே ஆசிரியர் உங்களுடையதை எப்படிக் கண்டுபிடிப்பார்? பொருள் வரியில் “முதலாண்டு வரலாறு, அசைன்மென்ட் 1, பதிவெண், பெயர்” என்று எழுதுங்கள். உள்ளே “மதிப்பிற்குரிய ஐயா” அல்லது “அம்மா” என்று தொடங்கி இரண்டு வரி, கீழே பெயரும் வகுப்பும். கோப்பு இணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டும். தமிழில் எழுதலாம், தவறே இல்லை.

கோப்புகளை ஒழுங்காக வைத்திருப்பது

கைபேசியில் எல்லாம் ‘டவுன்லோட்ஸ்’ என்ற ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். கோப்பின் பெயரோ ஏதோ ஒரு நீண்ட எண். தேர்வுக்கு முந்தைய இரவு குறிப்பைத் தேடும்போதுதான் இதன் கஷ்டம் தெரியும். இணையத்தில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் கூகுள் டிரைவில் பருவத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் பாடத்துக்கு ஒன்று என்று இன்றே உருவாக்குங்கள். கோப்புக்கு “பொருளியல்-அலகு2-குறிப்பு” என்பதுபோலப் பெயர் வையுங்கள். கூகுள் கணக்கில் இலவசமாக 15 ஜிபி இடம் உண்டு. மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த இடம். ஆண்ட்ராய்டு கைபேசியில் வாட்ஸ்அப் காப்பும் (பேக்கப்) இப்போது அதிலேயே கணக்காகிறது. குடும்பக் குழுவில் வரும் காலை வணக்க வீடியோக்கள் அந்த இடத்தைத் தின்றுவிட்டால் ஆசிரியரின் மடல்கூட உள்ளே வராது. வாட்ஸ்அப் காப்பில் வீடியோவை நிறுத்திவையுங்கள்.

கையால் எழுதிய அசைன்மென்டை ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து அனுப்பாதீர்கள். டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் செய்யும் வசதி இருக்கிறது. எல்லாப் பக்கங்களையும் எடுத்து ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தரத்தைக் குறைத்துவிடும், முத்திரையும் எண்ணும் மங்கிப் போகும்.

டிஜிலாக்கரும் ஏபிசி எண்ணும்

டிஜிலாக்கர் 2015இல் வந்தது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை அதில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். வாரியமோ பல்கலைக்கழகமோ நேரடியாக அதில் வழங்கிய ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றியது வெறும் நகல்தான்.

ஏபிசி என்பது கிரெடிட் எனப்படும் கல்வி மதிப்புப்புள்ளிகளைச் சேர்த்துவைக்கும் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கொண்டுவந்தது. நீங்கள் கல்லூரியில் படித்துத் தேறும் பாடங்களின் கிரெடிட்டும், ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளம் போன்ற இடத்தில் பெறும் கிரெடிட்டும் 12 இலக்க எண் ஒன்றின் கீழ் சேரும். கல்லூரி மாற நேர்ந்தாலும், இடையில் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாலும் அந்தக் கணக்கு உதவும். டிஜிலாக்கருக்குள்ளேயே தேடி உருவாக்கிக்கொள்ளலாம்.

நம் ஊர் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் தலைப்பெழுத்து. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பாவின் முழுப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். டிஜிலாக்கர் ஆதார்ப் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். கல்லூரிப் பதிவேட்டில் இருக்கும் பெயரும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் கிரெடிட் வந்து சேர்வதில் சிக்கல் வரும். கடைசிப் பருவத்தில் கண்டுபிடித்து ஓடுவதற்குப் பதிலாக, ஆதார், பள்ளிச் சான்றிதழ், கல்லூரிப் பதிவு மூன்றையும் இப்போதே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதை மாற்றுவது என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள். எண்ணை உருவாக்கும்போது நிறுவனத்தின் பெயராகக் கல்லூரியைக் கொடுப்பதா, அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தைக் கொடுப்பதா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும்.

தமிழில் தட்டச்சு

தமிழ் இலக்கிய மாணவர்கள் மட்டுமல்லாமல், தமிழ்வழியில் படிக்கும் எல்லோரும் இதைக் கற்றே ஆக வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும், தேடினால் கிடைக்காது. டிடிபி கடையில் அடித்துக் கொடுக்கும்போது “யுனிகோடில் அடித்துக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். யுனிகோடு என்பது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அதைவிட நல்லது, நீங்களே அடிக்கப் பழகுவது.

கணினிக்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்டது. உயிரெழுத்துகள் 12, மெய்களுக்கு 18, புள்ளிக்கு ஒன்று, ஆக 31 விசைகளைப் பழகினால் போதும். உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், அதிகம் வரும் மெய்கள் வலது கைப்பக்கம். க அடித்து இ அடித்தால் கி. க-வை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானாக விழுந்து க்க ஆகிவிடும். ந அடித்து த அடித்தால் ந்த. ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழை வரவழைக்கும் முறை முதலில் சுலபமாகத் தோன்றும். ஆனால் நீண்ட கட்டுரை எழுதும்போது தமிழ்99 எவ்வளவு வேகம் என்பது பழகிய பிறகு தெரியும். புதிய விண்டோஸிலும் ஆப்பிள் கணினிகளிலும் இது உள்ளேயே இருக்கிறது, அமைப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்தால் வந்துவிடும்.

கைபேசியில் குரலால் எழுதும் வசதியும் தமிழுக்கு இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. பேசி எழுதியதை ண, ன, ந, ர, ற, ல, ள, ழ ஆகியவற்றுக்காக மட்டும் ஒருமுறை நிதானமாகப் படித்துத் திருத்துங்கள்.

தேடுவது எங்கே?

கூகுளில் முதலில் வரும் மூன்று இணைப்புகளோடு நின்றுவிடுவதுதான் பெரும்பாலோரின் தேடல். கல்லூரிப் படிப்புக்கு அது போதாது. சில இடங்களைச் சொல்கிறேன்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு கூகுள் ஸ்காலர். தலைப்பை உள்ளிட்டதும் வலது பக்கத்தில் பிடிஎஃப் இணைப்பு இருந்தால் இலவசமாகப் படிக்கலாம். இல்லாவிட்டால் அந்தக் கட்டுரைக்குக் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற இணைப்பைத் தட்டிப் பாருங்கள், வேறோர் இடத்தில் திறந்து கிடக்கலாம்.

பணம் கேட்கும் இதழ்களுக்கு, பணம் கட்டுவதற்கு முன் கல்லூரி நூலகரைப் பாருங்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக என்-லிஸ்ட் என்ற திட்டத்தை நடத்துகிறது. உங்கள் கல்லூரி அதில் உறுப்பினராக இருந்தால், ஆயிரக்கணக்கான இதழ்களையும் மின்னூல்களையும் வீட்டிலிருந்தே படிக்க உங்களுக்குத் தனிப் பயனர்பெயர் கிடைக்கும். கல்லூரி சந்தா கட்டியிருக்கும், மாணவர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே நூலகரிடம் போய்ப் பேசச் சொல்லி எல்லா முதலாண்டு மாணவர்களையும் கேட்டுக்கொள்வேன். 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அரசுக் கல்லூரியில் படிப்பவர் என்றால் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற தளத்தில் முழுமையாகக் கிடைக்கும், தமிழில் எழுதப்பட்டவையும் ஏராளம். முதலாண்டு மாணவருக்கு ஆய்வேடு எதற்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் தலைப்பில் ஓர் ஆய்வேட்டை எடுத்து, அதன் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலை மட்டும் பாருங்கள். எந்தெந்த நூல்களைப் படிக்க வேண்டும் என்று ஒருவர் பல ஆண்டு உழைத்துத் தேடியது அப்படியே உங்கள் கையில் வந்துவிடும்.

தமிழ் நூல்களுக்கு வேறெங்கும் கிடைக்காத செல்வம் நம்மிடம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் இலக்கியங்கள் உரையோடு இருக்கின்றன. அவர்களே நடத்தும் தமிழ் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. 1998 பொங்கல் அன்று தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. ஈழத்துத் தமிழ் நூல், இதழ், நாளிதழ் என்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் தளம்தான். நாலாம் கை வலைப்பக்கத்திலிருந்து ஒரு பாடலை எடுத்து எழுதுவதற்குப் பதிலாக இங்கே போய்ச் சரிபார்த்து எழுதினால் அந்த அசைன்மென்டின் தரமே வேறு.

கூகுளிலேயே தேடுவதென்றால் இரண்டு பழக்கம் போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டால் அதே வரிசையில் உள்ளது மட்டும் வரும். ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி இட்டு ஒரு தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அரசாணை, புள்ளிவிவரம் தேடும்போது அரசுத் தள முகவரியின் கடைசிப் பகுதியை (gov.in) கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பகுதியில் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள் 25 பேர். இவர்களிடம் சில வலைத்தளங்களைக் காட்டி, நம்பத்தக்கதா என்று கேட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்புகளின் தளங்களும் இருந்தன. ஒன்று 1930 முதல் இயங்கும் மிகப் பெரிய தொழில்முறைச் சங்கம். மற்றது 2002இல் ஒரு கொள்கைச் சண்டையில் அதிலிருந்து பிரிந்த சின்னக் குழு. தளத்தைப் பார்த்தால் இரண்டும் கம்பீரமாக இருக்கும்.

மாணவர்களும், வரலாற்று அறிஞர்களில் பலரும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். சின்னம், முகவரி, அடிக்குறிப்பு எல்லாம் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தில் நிற்கவே இல்லை. சில விநாடிகளில் புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

நமக்கு இது அன்றாடம் தேவைப்படும் பழக்கம். “இந்திய தேசிய கீதத்தை உலகின் சிறந்த கீதமாக யுனெஸ்கோ அறிவித்தது” என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது, கட்டுரைப் போட்டித் தாள்களில்கூட வரும். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவித்ததில்லை. இதைக் கண்டுபிடிக்க அறிவியல் மேதை ஆக வேண்டாம். அந்தச் செய்தியை விட்டு வெளியே வந்து, யுனெஸ்கோ பெயரோடு சேர்த்து ஒருமுறை தேடினால் போதும். எந்தத் தகவலானாலும் மூன்றைக் கேளுங்கள்: சொன்னவர் யார், அவர் எதை ஆதாரமாகக் காட்டுகிறார், வேறு நம்பகமான இடம் எதுவும் இதைச் சொல்கிறதா. படமென்றால் கூகுள் லென்ஸில் போட்டு, அது முதலில் எப்போது எங்கே வந்தது என்று பாருங்கள்.

விக்கிப்பீடியாவைத் தொடாதே என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைப்பு புதிதாக இருந்தால் முதலில் அங்கே படியுங்கள், பிறகு அடியில் இருக்கும் மேற்கோள்களைத் திறந்து அவற்றைப் படியுங்கள். அசைன்மென்டில் குறிப்பிட வேண்டியது அந்த மேற்கோள்களைத்தான்.

எடுத்ததைச் சொல்லி எழுதுங்கள்

ஒருவர் எழுதியதை அப்படியே ஒட்டினால் அது கருத்துத் திருட்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கின்றன. அதற்கு மேல் 40, 60 என்று போகப்போகத் தண்டனை கூடும். ஆய்வேடுகளுக்குத்தான் மென்பொருள் வைத்துப் பார்ப்பது வழக்கம் என்றாலும், பழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்குவது நல்லது. ஒரு பக்கத்தைப் படித்து, மூடிவைத்து, புரிந்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். எங்கே படித்தீர்கள் என்று ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஐந்தையும் உடனே குறித்துவையுங்கள். கணினி கிடைக்கிறவர்கள் சோட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால் அந்தப் பட்டியலை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஸ்வயம், என்பிடெல் பாடங்கள்

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் என்பிடெல். 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் இப்போது அதுவும் ஓர் அங்கம். பொறியியல் மாணவர்களுக்குத்தான் இது என்று கலைக் கல்லூரி மாணவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். பொருளியல், உளவியல், இலக்கியம், வரலாறு எல்லாம் உண்டு. இளநிலைக் கலை, அறிவியல் பாடங்களை சி.இ.சி. என்ற அமைப்பு தருகிறது, தேடும்போது அந்தப் பெயரை வைத்து வடிகட்டலாம்.

சேருவதற்கு முன் துறைத்தலைவரிடம் ஒரு கேள்வி: “இந்தப் பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்குமா?” பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகளின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். எந்தெந்தப் பாடம் என்பதை முடிவு செய்வது கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். கேட்காமல் படித்து முடித்துவிட்டுப் பிறகு போய் நின்றால் சான்றிதழ் மட்டும்தான் மிஞ்சும். பல கல்லூரிகளில் என்பிடெல் உள்ளூர் மையம் இருக்கும், அதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பாளராக இருப்பார். அவரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பாடங்கள் 4, 8, 12 வாரங்கள். முதல்முறை சேர்பவர் 4 அல்லது 8 வாரப் பாடத்தை எடுங்கள், ஒன்றே ஒன்று போதும். வகுப்பில் எல்லோரும் சேர்கிறார்களே என்று மூன்றில் சேர்ந்து, எதையும் முடிக்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பாடத்தில் சேர்வது இலவசம். ஆனால் தேர்வுக்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். என்பிடெல் பாடங்களுக்கு அது 1,000 ரூபாயாக இருந்துவருகிறது. பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. அந்தப் பருவத்துக்கான தொகையைத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாடத்தில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் தேர்வுக்கும் பதிய வேண்டும். வேறு முகவரியில் பதிந்தால் நீங்கள் எழுதிய வாராந்தர ஒப்படைப்பு (அசைன்மென்ட்) மதிப்பெண்கள் வந்து சேராது. தேர்வை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். பதியும்போது பக்கத்து நகரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மதிப்பெண் கணக்கு: ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த 6 ஒப்படைப்புகளையும், 12 வாரப் பாடத்தில் சிறந்த 8-ஐயும் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் பெற 25க்கு 10-ம் 75க்கு 30-ம் இரண்டுமே வேண்டும். ஒப்படைப்புக்கு வாரந்தோறும் கெடு நாள் உண்டு, பெரும்பாலும் புதன் இரவு. கைபேசியில் நினைவூட்டலை செவ்வாய்க்கு வையுங்கள். விடைகளை யூடியூபில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பார்த்து 25 வாங்கிவிடலாம், மையத்தில் உட்காரும்போது 75 கைகொடுக்காது.

ஆங்கிலம் கடினமாக இருந்தால் வீடியோவின் வேகத்தை 0.75க்குக் குறைத்து, வசன வரிகளைப் போட்டுப் பாருங்கள். பல என்பிடெல் பாடங்களின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்தும் வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் தமிழில் படித்துவிட்டு அப்புறம் வீடியோ பார்ப்பது நல்ல வழி.

செயற்கை நுண்ணறிவு

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து அசைன்மென்ட் எழுதுவதன் பொருளே மாறிப்போயிருக்கிறது. பயன்படுத்தவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆங்கிலப் பாடப் பகுதி புரியாவிட்டால் “எளிய தமிழில் விளக்கு” என்று கேளுங்கள். உங்கள் குறிப்பைக் கொடுத்து அதிலிருந்து பத்துக் கேள்விகள் கேட்கச் சொல்லி நீங்கள் பதில் எழுதிப் பாருங்கள். வீட்டில் ட்யூஷன் வைக்க வசதியில்லாத பிள்ளைக்கு இது பெரிய உதவி.

ஆனால் அது இல்லாத நூலையும் இருப்பதுபோலச் சொல்லும். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது சொன்ன தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அந்தத் தீர்ப்புகள் எதுவும் உலகத்தில் இல்லை. 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சங்கப் பாடல் ஒன்றைக் கேட்டால், சங்கத் தமிழ்போலத் தோன்றும் வரிகளைத் தானே எழுதி ஒரு புலவர் பெயரையும் போட்டுவிடும். அது சொல்லும் ஒவ்வொரு பாடலையும் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்திலும், ஒவ்வொரு கட்டுரையையும் ஸ்காலரிலும் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் எழுதாதீர்கள். அசைன்மென்டை முழுவதும் அதையே எழுதவிட்டால் மதிப்பெண் ஒருவேளை வரும், எழுதும் பயிற்சி வராது. கல்லூரி முடியும்போது உங்களிடம் இருக்க வேண்டியது அந்தப் பயிற்சிதான். ஆசிரியர் எந்த அளவு அனுமதிக்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஆதார் எண், மதிப்பெண் பட்டியல், நண்பர்களின் சொந்த விஷயம் எதையும் அதில் போட வேண்டாம்.

பணம் கேட்கும் அழைப்புகள்

“உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உள்ளவர்கள் சந்தேகமென்றால் கல்லூரியின் பொறுப்பாசிரியரைக் கேட்கலாம். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பைக் குறைக்கும். பிள்ளைகள் திட்டு வாங்குவோமே என்று பயந்து வீட்டில் மறைக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்” என்று கல்லூரி மாணவர்களைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மோசடிப் பணத்தைக் கடத்த அந்தக் கணக்கு பயன்படும். காவல்துறை வரும்போது பெயர் உங்களுடையதாக இருக்கும்.

கணினி எங்கே கிடைக்கும்?

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியைக் கைபேசியிலேயே செய்யலாம். நீண்ட கட்டுரை எழுதுவது, விரிதாள், தமிழ்99 பழகுவது இவற்றுக்குக் கணினி வேண்டும். கல்லூரி ஆய்வகம் வகுப்பு இல்லாத நேரத்தில் திறந்திருக்குமா என்று கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து எழுதிக் கேட்டால் பெரும்பாலும் திறந்துவிடுவார்கள். மாவட்ட மைய நூலகங்களில் இணைய வசதியுள்ள கணினிகள் உண்டு. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. இரண்டிலும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கல்லூரியில் விசாரியுங்கள்.

பொதுக் கணினியில் உட்காரும்போது உலாவியின் மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்து வேலை செய்யுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுந்திருக்கும் முன் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, இறக்கிய கோப்புகளை டிரைவுக்கு ஏற்றிவிட்டு, டவுன்லோட்ஸ் கோப்புறையிலிருந்தும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அவற்றை அழித்துவிடுங்கள்.